சுற்றுச்சூழல் நிலைத்தன்மை என்றால் என்ன? கண்மாய்க் கரையிலிருந்து சில பதில்கள்

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். கண்மாய் என்றால் மழைநீரைத் தேக்கி வயலுக்கு விடும் ஏரி. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பேசப் போகும்போது ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சுற்றுச்சூழல் நிலைத்தன்மை என்பதை எளிமையாகச் சொல்ல முடியுமா?

அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் எங்கள் பக்கம் முதலில் விதைநெல்லைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டி உயரத்தில் ஏற்றிவிடுவார்கள். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். அதை அவித்துத் தின்றால் இந்த மாதப் பசி தீரும், ஆனால் அடுத்த வருடம் விதைக்க எதுவும் இருக்காது.

மழை, மண், காடு, மீன், நிலத்தடி நீர் எல்லாவற்றிலும் இதே கணக்குதான். ஒவ்வொரு வருடமும் இயற்கை ஒரு விளைச்சல் தருகிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த விளைச்சலைத் தருகிற மூலதனத்தை அழிக்கக் கூடாது. அடுத்து வருபவர்களுக்கும் அதே அளவு கிடைக்கும்படி வாழ்வதுதான் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை.

நிலைத்தன்மை, நீடித்த வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி, பேண்தகு அபிவிருத்தி. எல்லாம் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் முதல் மூன்றைப் பார்க்கலாம், இலங்கைத் தமிழில் பேண்தகு, நிலைபேறான என்ற சொற்கள் வழங்குகின்றன. எனக்குப் பிடித்தது ‘வளங்குன்றா’. வளம் குன்றிவிடக் கூடாது என்ற நிபந்தனையை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ‘நிலையான வளர்ச்சி’ என்று எழுதும்போது, வளர்ச்சி நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். நிலைக்க வேண்டியது வளம் என்பது அதில் மறைந்துபோகிறது.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது?

எழுத்தில் இதற்குப் பெயர் கொடுத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்தவர். அங்கே வெள்ளித் தாதை உருக்கும் உலைகளுக்கும் சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கவும் மரம் வெட்டி வெட்டி, சுற்றியிருந்த காடு தீரும் நிலைக்கு வந்துவிட்டது. பூமிக்குள் வெள்ளி இருந்தும் அதை உருக்க விறகு இல்லாமல் போகும் என்ற பயத்தில், 1713-இல் அவர் வனவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் மறுபடி நட வேண்டும் என்பது அதன் சாரம். இயற்கை மீது இருந்த பாசத்தைவிடத் தொழில் நின்றுவிடுமே என்ற கவலைதான் அவரை எழுத வைத்தது. அதனாலேயே அந்த வாதம் இன்றைக்கும் வலுவாக நிற்கிறது.

நம் காலத்தில் இது உலகப் பேச்சானது 1972-இல் ஐக்கிய நாடுகள் அவை ஸ்டாக்ஹோமில் நடத்திய சுற்றுச்சூழல் மாநாட்டிலிருந்து. இந்தியாவிலிருந்து பிரதமர் இந்திரா காந்தி போய்ப் பேசினார். பிறகு நார்வே அரசியல் தலைவர் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையில் அமைந்த ஆணையம் 1987-இல் ஓர் அறிக்கை தந்தது. இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற விளக்கம் அதில் உள்ளதுதான்: வருங்காலத் தலைமுறை தன் தேவைகளைத் தீர்த்துக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல், இன்றைய தேவைகளைத் தீர்த்துக்கொள்வது. 1992-இல் பிரேசிலின் ரியோ நகரில் அடுத்த பெரிய சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. 2015-இல் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை 2030-க்குள் எட்டுவதாக உலக நாடுகள் ஒப்புக்கொண்டன.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அளவுகோல் உண்டா?

உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஹெர்மன் டேலி மூன்று விதிகளாகச் சொன்னார். மரம், மீன், நீர் மாதிரி மறுபடி உருவாகும் வளத்தை அது உருவாகும் வேகத்துக்குமேல் எடுக்கக் கூடாது. நிலக்கரி, எண்ணெய் மாதிரித் தீர்ந்துபோகும் வளத்தை, அதற்கு மாற்று உருவாகும் வேகத்துக்குமேல் செலவழிக்கக் கூடாது. கழிவை, மண்ணும் நீரும் காற்றும் செரிக்கிற வேகத்துக்குமேல் கொட்டக் கூடாது.

முதல் விதிக்கு நம் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடுகிற அவகாசம் அது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் கூட்டினார்கள். அந்த இரண்டு மாதம் மீனவர் வீடுகளில் பணமுடைதான். அதற்காக அரசு நிவாரணத் தொகை தருகிறது. நிலைத்தன்மைக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அதை ஒரு சாரார் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது என்பதையும் இந்தத் தடைக்காலத்தில் பார்க்கலாம்.

மூன்றாவது விதியைத்தான் உலகம் மிக மோசமாக மீறிவருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. காடும் கடலும் உறிஞ்சிக்கொள்வதைவிட வேகமாக நாம் புகை விடுகிறோம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா?

கண்மாய் இருக்கிறது. வட மாவட்டங்களில் ஏரி என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் குளம். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 இருப்பதாக அரசுக் கணக்கு.

வெளியூர்க்காரர் பார்த்தால் ஒரு மண்மேடு, கொஞ்சம் தண்ணீர், நாலு கொக்கு. கொஞ்ச நேரம் கரையில் நடந்தால் அதற்குள் இருக்கும் கணக்கு புரியும். நிலம் சரிகிற பக்கத்தில் பிறை வடிவில் கரை. மேட்டிலிருந்து மழைநீரைக் கொண்டுவர வரத்துக்கால். வயலுக்குத் தண்ணீர் விட மடை. கரை தாங்குகிற அளவுக்குமேல் வந்த நீர் வெளியேறக் கலுங்கு. கலுங்கு வழியே போகும் நீர் வீணாவதில்லை, மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது, அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. சங்கிலி மாதிரி. வைகை ஆறே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது.

கலுங்கின் உயரத்தை யாரும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒரு கல் உயர்த்தினால் கீழ் ஊருக்குத் தண்ணீர் குறையும், மேல்பக்கத்து நிலம் மூழ்கும். இதற்காக ஊருக்கு ஊர் சண்டை நடந்திருக்கிறது, வழக்கும் நடந்திருக்கிறது. நான் சொல்ல வருவது, ‘எவ்வளவு எடுக்கலாம்’ என்ற எல்லையைக் கல்லிலேயே நட்டு வைத்திருந்தார்கள் என்பது.

அப்புறம் வண்டல். மழைநீர் கொண்டுவரும் மண், கண்மாயில் நீர் நிற்கும் பகுதியான உள்வாயில் படியும். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டி வண்டியாக அந்த வண்டலையும் கரம்பை என்ற களிமண்ணையும் அள்ளி வயலில் போடுவார்கள். வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர்வாரல். ஒரு வேலையில் இரண்டு பலன்.

தண்ணீர் குறைந்த வருடத்தில் முறைபோட்டுப் பாய்ச்சுவார்கள். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்பதை நீர்பாய்ச்சி என்ற ஊர்ப் பணியாள் பார்த்துக்கொள்வார். சொந்த நிலம் இல்லாதவர் பங்கு வைத்தால் பாரபட்சம் இருக்காது என்று, நிலமில்லாதவரை அந்த வேலைக்கு வைத்த ஊர்களும் உண்டு. அறுவடையில் அவருக்கு நெல்லாகக் கூலி. மீனுக்கும் இப்படித்தான்: தண்ணீர் வயலுக்குப் பயன்பட்டு அடியில் கொஞ்சம் நிற்கும்போதுதான் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா. பெரியவர் துண்டை வீசிச் சைகை காட்டும்வரை ஊத்தா என்ற மீன்பிடி கூடையோடும் வலையோடும் கரையில் காத்து நிற்பார்கள். அதற்குமுன் யாரும் இறங்குவதில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சரணாலயம் அறிவிக்கப்பட்டது 1977-இல். வெடி போடாத வழக்கம் அதற்கும் முந்தியது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு நல்லது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு நன்றாக இருந்தது ஏன் கெட்டது?

பராமரிக்கும் பொறுப்பு கைமாறியதுதான் தொடக்கம் என்று நினைக்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற குழுவைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஏரியைக் கவனிக்கத் தனியாக ஒரு குழு, அதற்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்புக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேய ஆட்சியில் நிலவரியும் நிர்வாகமும் மாறி, அந்த ஏற்பாடு தளர்ந்தது. 1858-இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டார்கள், பெரிய பலன் இல்லை. கண்மாயின் வருமானம் ஊர் கையை விட்டுப் போனபின், உழைப்பை மட்டும் ஊர் தர வேண்டும் என்றால் எப்படி நடக்கும்?

அதற்குப் பிறகு வந்தது மோட்டார். கிணற்றிலும் ஆழ்துளையிலும் தனக்குத் தேவையான தண்ணீர் கிடைத்தவருக்குக் கண்மாய்க் கரை உடைந்தாலும் அவசரம் இல்லை. ஊர்க்கூட்டத்துக்கு வருகிற தலைகள் குறைந்தன. வரத்துக்கால் மேல் வீட்டுமனை வந்தது, உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியது. என் சின்ன வயதில் நான் மீன்பிடிப்பதைப் பார்த்த கண்மாயில் இன்றைக்கு நடந்து போக முடியவில்லை, முள். சொல்லும்போதே தொண்டை அடைக்கிறது.

தண்ணீர் இல்லாவிட்டால் போர்வெல் போடுவதில் என்ன தவறு?

ஒரு தனி விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பயிர் கண்ணெதிரே காயும்போது அவர் வேறு என்ன செய்வார்? சிக்கல் கணக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. அதில் தண்ணீர் வெடிப்புகளிலும் பிளவுகளிலும்தான் நிற்கும். மேலே இருக்கும் நீர் மழையால் வருடாவருடம் நிரம்பும். ஆழத்தில் இருப்பது நிரம்ப நெடுங்காலம் ஆகும். முதலாவது சம்பளம், இரண்டாவது விதைநெல்.

100 அடியில் கிடைத்தது 300, 600 என்று இறங்கி இப்போது பல இடங்களில் 1,000 அடியைத் தாண்டிப் போகிறது. கடன் வாங்கி ஆழம் போடுபவருக்குத் தண்ணீர் வரும், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும். பிறகு அவரும் கடன் வாங்குவார். 1990-லிருந்து விவசாய மோட்டார்களுக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது. சிறு விவசாயியைத் தாங்கிப் பிடித்த திட்டம் அது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு இறைக்கிறோம் என்ற உணர்வு அதோடு மங்கிப்போனதும் உண்மை. கண்மாயில் தண்ணீர் குறைவதை ஊரே பார்க்கும். பூமிக்குள் குறைவது யார் கண்ணுக்கும் தெரியாது.

அப்படியானால் பழைய காலத்துக்கே திரும்பிப் போகச் சொல்கிறீர்களா?

இல்லை. பழைய காலம் எல்லோருக்கும் நல்ல காலமாக இருக்கவில்லை. கரையில் மண் சுமந்தவர்களிலும், வெள்ள நேரத்தில் உயிரைப் பணயம் வைத்து நீரில் மூழ்கி மடை திறந்தவர்களிலும் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் காத்த தண்ணீரில் அவர்களுக்கே உரிமை மறுத்த ஊர்கள் இருந்தன. அதைச் சொல்லாமல் கண்மாய்ப் பெருமை பேசினால் பாதி உண்மைதான் பேசியிருப்போம்.

சூழல், சமூகம், பொருளாதாரம் என்று மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்வது இதனால்தான். தண்ணீர் நிற்க வேண்டும், அதன் பங்கும் நியாயமாக இருக்க வேண்டும். பழையதிலிருந்து எடுக்க வேண்டியது எல்லை வகுக்கும் பழக்கத்தையும், கூடி முடிவெடுக்கும் பழக்கத்தையும். அந்தக் கூட்டத்தில் நிலமில்லாதவரும் பெண்களும் உட்கார வேண்டும்.

கண்மாயைத் தூர்வாரினால் போதாதா?

பல இடங்களில் தூர்வாருவது என்றால் பொக்லைன் இறக்கி ஆழமாகத் தோண்டுவது என்று ஆகிவிட்டது. மடையின் வாய்க்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. ஒரே இடத்தில் பள்ளம் பறித்தால் ஆடுமாடும் பிள்ளைகளும் விழுந்து சாகிற குழிதான் மிஞ்சும். கரைக்கு மிக அருகில் தோண்டினால் கரையே பலவீனமாகும். வண்டலோடு அடிமண்ணையும் அள்ளி விற்றால் அது தூர்வாரல் கணக்கில் வராது.

முதலில் பார்க்க வேண்டியது வரத்துக்கால். தண்ணீர் வரும் வழி அடைபட்டிருக்கும்போது கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தி என்ன? அடுத்து மடை, கலுங்கு, கரை. கடைசியாகத்தான் உள்வாய். 2016-17-இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியது. பாசன விவசாயிகள் சங்கம் உயிரோடு இருந்து, அளவு தெரிந்த பெரியவர்களைக் கேட்டுச் செய்யும் ஊரில் அது போன்ற திட்டம் உதவும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஊர் கேட்டால்தான் அது நகரும்.

மரம் நடுவது?

நல்லது, இடம் பார்த்து நட வேண்டும். கரையில் பனை நட்டால் மண்ணைப் பிடிக்கும். புல்வெளியிலும் சதுப்பிலும் எதையாவது நட்டு வைத்தால் அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களுக்குத்தான் கேடு. நட்ட மரத்துக்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சென்னையில் இருக்கிறேன். எனக்கும் கண்மாய்க்கும் என்ன தொடர்பு?

நீங்கள் நிற்கிற இடமே ஏரியாக இருந்திருக்கலாம். தியாகராய நகர் 1920-களில் ஏரி நிலத்தில் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு குடிநீர் ஏரிகளும் கிட்டத்தட்ட வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நாலே வருடத்தில் இரண்டும். மழைநீர் தேங்கி மண்ணுக்குள் இறங்க இடம் இல்லாத ஊரில் வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தால் வருகின்றன.

உங்கள் மொட்டை மாடியை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருட மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் மாடி என்றால் 1,40,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் போனாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் வீதம் நாலு பேர் குடும்பத்துக்கு 280 நாள். இதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும் என்பதால் தொட்டியில் பிடித்து மாளாது. மண்ணுக்குள், முடிந்தால் பழைய கிணற்றுக்குள் இறக்க வேண்டும்.

2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் குழாய் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழி அடைத்துக் கிடக்கிறது. செப்டம்பரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து, மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட்டுவிடுங்கள்.

பசுமைப் பொருள் வாங்கினால் நிலைத்தன்மைக்கு உதவியாகுமா?

ஏற்கெனவே இருப்பதை முழுக்க உபயோகிப்பது அதைவிட உதவும். துணிப்பை நெய்யவும் பருத்தி, தண்ணீர், சாயம் எல்லாம் செலவாகிறது. ஒரு மஞ்சப்பையைக் கிழியும்வரை வைத்திருந்தால்தான் பலன். விசேஷ வீடுகளில் கிடைத்த பத்துப் பை அலமாரியில் தூங்கினால் பலன் இல்லை.

எல்லை மீறிவிட்டால் திரும்ப வர முடியுமா?

சிலவற்றில் முடியும், சிலவற்றில் மிகவும் கடினம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனை நூற்றாண்டுக் கணக்கில் பிடித்தார்கள். பெரிய கப்பல்கள் வந்து சில பத்தாண்டுகளில் அள்ளியதில் மீன் வளம் சரிந்து, 1992-இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு ஒரே உத்தரவில் போனது. முப்பது வருடம் கழித்தும் அந்த மீன்வளம் பழைய அளவுக்கு வரவில்லை. மத்திய ஆசியாவின் ஆரல் கடலும் அப்படித்தான். பருத்திப் பாசனத்துக்காக 1960-களிலிருந்து ஆறுகளைத் திருப்பியதில் பெரும்பகுதி உப்புப் பாலைவனமாகிவிட்டது. ஆனால் 2005-இல் கஜகஸ்தான் ஓர் அணை கட்டியபின் வடக்குப் பகுதியில் மட்டும் தண்ணீரும் மீனும் திரும்பின.

நம்பிக்கை தரும் கதை ஓசோன் படலம். அதை அரித்த வேதிப்பொருட்களைக் குறைக்க 1987-இல் மான்ட்ரியலில் நாடுகள் உடன்பட்டன, சொன்னபடி செய்தன, படலம் இப்போது தேறிவருகிறது.

தனி ஆள் ஒருவர் என்ன செய்துவிட முடியும்?

தனியாகச் செய்வதற்கு அளவு உண்டு. இரண்டாவது ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலோ தெருவிலோ எந்த நீர்நிலை இருக்கிறது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, நிரம்பினால் எங்கே போனது என்று வயதானவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு அந்த வாய்க்கால் வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. எழுதியதை அங்கே படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மே மாதக் கூட்டத்தில் சொன்னால், மழைக்குமுன் வரத்துக்காலைச் சுத்தம் செய்ய ஐந்து மாதம் இருக்கும்.